ஒருமுறைகூட வாக்களிக்காத வட்டாரம்

மண்டபத்துக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரியும் வாசம். அடுத்தது ஈரக் கம்பளத்தின் வாசம். அதற்குப் பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள். கலியாணத்துக்குப் போடுவதுபோலக் கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டு, முதுகில் ஊதா ரிப்பன் கட்டியிருந்தார்கள். முதல் நாள் அங்கே யாருக்கோ பிறந்தநாள் நடந்திருக்கிறது. மேடைக்குப் பின்னால் பலூன்கள் பாதிக் காற்றோடு தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பலூன்களுக்குக் கீழேதான் என்னுடைய அரசியல் வாழ்க்கையை முடித்துவைக்கக் கூடியிருந்தார்கள்.

“வாரும் சுகந்தி, முன்னுக்கு வந்து இரும்” என்றார் சிற்றம்பலம் மாஸ்டர். ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எதற்குள் பிணக்கு வந்தாலும் தீர்த்துவைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு வலப்பக்கம் தயாபரன் அண்ணை இருந்தார். இடப்பக்கக் கதிரை எனக்கு.

தயாபரன் அண்ணை வீடு விற்கும் முகவர். ஸ்காபரோவின் வடக்கில் எந்த பஸ் தரிப்பில் போய் நின்றாலும், அங்குள்ள வாங்கின் முதுகில் ஒட்டிய விளம்பரத்தில் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு அவர் சிரிப்பார். அவர் முகத்தில் சாய்ந்துகொண்டுதான் பாதிச் சனம் பஸ்ஸுக்குக் காத்திருந்தது. அப்படிப்பட்டவருக்கு எதிராக நான், ஒரு பிளாசாவில் பல் டொக்டரின் வரவேற்பு மேசையில் இருக்கிறவள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “விசயம் சின்னது. ரெண்டு பேரும் எங்கட பிள்ளையள். நகரசபைத் தேர்தலுக்கு உங்கட ரெண்டு வட்டாரமும் இப்ப ஒண்டாப் போச்சு. ரெண்டு பேரும் நிண்டால் வோட்டுப் பிரிஞ்சு ரெண்டு பேரும் தோப்பியள். ஒராள் நில்லுங்கோ, மற்றாள் விட்டுக்குடுங்கோ. ஆருக்கு ஆக்கள் கூட எண்டு சபையைக் கேப்பம்.”

நான் சபையைத் திரும்பிப் பார்த்தேன். கதிரைகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். எனக்கென்று வந்தவர்கள் கடைசி வரிசையில் ஒரு கொத்தாக இருந்தார்கள். என் மகள் அபி அவர்களோடு போய் இருப்பதற்கு முன் குனிந்து என் காதுக்குள் சொன்னாள்: “அம்மா, திஸ் இஸ் நொட் குட்.”

அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

வரைபடத்தில் பிறந்தது

இந்தத் தொடரில் சென்ற வாரம், பல் டொக்டரிடம் எனக்கு வேலை கிடைத்த கதையை எழுதியிருந்தேன். பல்லுக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. அந்த மேசையில் இருந்தபடியே எங்கள் மில்லிக்கன் பக்கத்துக் குடும்பங்களின் கவலை எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். விறைப்பு ஊசி போட்டபின் அவர்களால் பேச முடியாது. ஆகவே அதற்கு முன்பே எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

பனி தள்ளும் வண்டி எங்கள் ஒழுங்கைக்குக் கடைசியாகத்தான் வரும். பூங்காவில் விளக்கு எரியாது. பழைய வரைபடத்தில் எங்கள் தெருக்கள் ஒரு பெரிய வட்டாரத்தின் வால். வாலை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

பிறகு நகரசபை வரைபடத்தைத் திருத்தியது. சனம் கூடிவிட்டது, வட்டாரங்களையும் கூட்டவேண்டும் என்று சில வருடங்கள் ஆராய்ந்து, கூட்டங்கள் வைத்து, கோடுகளை அழித்து அழித்துக் கீறினார்கள். அப்படிக் கீறியபோது, நகரத்தின் வட எல்லையான ஸ்டீல்ஸ் அவென்யூவின் தெற்கிலிருந்து பின்ச் அவென்யூ அடுக்குமாடிகள் வரைக்கும் எங்களுக்கென்று ஒரு வட்டாரம் கிடைத்தது. அந்த வரைபடத்தை அபி கணினியில் காட்டியபோது என் வீடு அதன் நடுவில் இருந்தது. நான் விரலை வைத்துப் பார்த்தேன்.

“இதில நான் நிக்கப்போறன்” என்றேன்.

“நிக்கிறதெண்டா? அம்மா, யூ மீன் எலெக்சன்ல?”

“பின்னை, பஸ்ஸுக்கோ நிக்கிறது?”

மக்கள் சேவை என்று நான் நாடகம் போடமாட்டேன். எனக்கு ஆசை இருந்தது. வாக்குச்சீட்டில் என் பெயர் இருக்கவேண்டும் என்ற ஆசை. ஊரில் எனக்கு வாக்களிக்கும் வயது வந்தபோது வாக்களிக்க வழியில்லை. ஒருமுறை ஊரடங்கு, ஒருமுறை இடப்பெயர்வு, பிறகு ஊரே இல்லை. முதன்முதலாக நான் வாக்களித்தது இந்த நாட்டில், ஒரு பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில். கடதாசியை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். அந்தக் கடதாசியில் என் பெயரும் ஒருநாள் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கே நினைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

அப்பாவின் தொகுதி

வட்டாரம் ஒன்று இல்லாமல் போவது எனக்குப் புதிதல்ல. எங்கள் அப்பா ஒரு தேர்தல் பைத்தியம். ஊர்காவற்றுறைத் தொகுதியில் வேட்பாளர் எவர் நின்றாலும் வாக்குச்சாவடி முகவராகப் போய் விறைப்பாக இருப்பார். கட்சியை அவர் பெரிதாகப் பார்த்ததில்லை. பெட்டி ஒழுங்காக மூடப்படுகிறதா என்பதில்தான் அவருடைய கண் இருக்கும்.

பிறகு தேர்தல் முறையை மாற்றினார்கள். தொகுதிக்கு ஒருவர் என்பது போய், மாவட்டத்துக்குப் பலர் என்று வந்தது. ஒரே நாளில் அப்பாவின் தொகுதிக்கென்று ஒரு உறுப்பினர் இல்லாமல் போனார். இனி யாரிடம் போய் வீதி திருத்தச் சொல்லிக் கேட்பது என்று அவர் பேப்பரை மடித்து வைத்தது ஞாபகம். ஆனால் சாகும்வரை “எங்கட தொகுதி” என்றுதான் பேசினார். இன்றைக்கும் அங்கே சனம் அப்படித்தான் பேசுகிறது. சட்டத்தில் போன கோடு வாயிலிருந்து போவதில்லை.

ஸ்காபரோவுக்கும் இதே கதைதான். இது ஒருகாலத்தில் தனி நகரம். அதற்கு முன்னர் பண்ணைகள். எங்கள் பிளாசா நிற்கும் இடத்தில் சோளம் விளைந்ததாம். ரொறன்ரோ என்ற பெரிய நகரத்தோடு சேர்த்துக் கட்டியபின் சட்டப்படி ஸ்காபரோ என்று ஒரு நகரம் இல்லை. ஆனால் எந்தத் தமிழரையாவது பிடித்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரொறன்ரோ என்று சொல்கிறவர் நேற்று வந்தவராக இருப்பார்.

கதவுகள்

அந்தக் கோடையில் நானும் அபியும் கதவு கதவாகப் போனோம். தமிழ் வீடுகளில் தட்டுவது லேசு, வெளியே வருவதுதான் பாடு. சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போகமுடியாது, கழற்றினால் தேத்தண்ணி குடிக்காமல் வெளியே வரமுடியாது. எந்த ஊர், யாருடைய மகள், மகள் என்ன படிக்கிறாள் என்று எல்லாம் விசாரித்து, கடைசியில் வாசலில் வைத்து “அதுசரி, நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள்?” என்று கேட்பார்கள்.

ஆனால் எங்கள் தெருக்களில் பாதிக்குமேல் சீன வீடுகள். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. பக்கத்து வீட்டுத் திருமதி வொங் துண்டுப் பிரசுரத்தை மொழிபெயர்த்துத் தந்துவிட்டு, எனக்கு ஒரு பாடமும் எடுத்தார்: பிரசுரத்தில் சிரிக்காதே, பனி வண்டியைப் பற்றி முதல் வரியிலேயே எழுது. எழுதினேன். அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன.

பின்ச் அடுக்குமாடிகளுக்குப் போகத்தான் முதலில் தயங்கினேன். அங்கே சிலர் புதிதாக வந்தவர்கள், அவர்களுக்கு வாக்கே இல்லை. இருப்பவர்களும் இரண்டு வேலை செய்கிறவர்கள். எந்தத் தேர்தலிலும் அந்தக் கட்டடங்களுக்கு யாரும் வருவதில்லை என்று ஒரு பெண் சொன்னாள். பெயர் ராஜினி. அவளுடைய கதவைத் தட்டியபோது அவள் கையில் கோதுமை மா ஒட்டியிருந்தது.

“வோட்டுக்கோ? எங்களட்டையோ?” என்று நம்பாமல் சிரித்தாள். பிறகு வாசலிலேயே நின்று லிப்ட் பற்றி, கழிவுத்தொட்டி பற்றி, பஸ் தரிப்பில் கூரை இல்லாதது பற்றி ஒரே மூச்சில் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பின்னேரம் முழுக்க அந்த ஒரு மாடியைத்தான் முடித்தோம்.

செத்தது, எழும்பியது, செத்தது

மனுத் தாக்கல் எல்லாம் முடியும் தறுவாயில் மாகாண அரசு அறிவித்தது: நகரசபையை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்போகிறோம். எங்கள் வட்டாரமும் கிழக்குப் பக்கத்து வட்டாரமும் ஒன்றாகும். கிழக்கில் நின்றவர் தயாபரன் அண்ணை.

வீட்டு முற்றங்களில் நட, என் பெயர் போட்ட தோட்டப் பலகைகள் அச்சாகி வந்து கராஜில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் வட்டார எண் பெரிதாக இருந்தது. அபி ஒட்டுகிற வெள்ளை ரேப் சுருள்கள் வாங்கிவந்து எல்லா எண்களையும் மூடினாள். பாடசாலை தொடங்கிக் கொஞ்ச நாளில், அந்தச் சட்டம் செல்லாது என்று ஒரு நீதிபதி சொன்னார். நாங்கள் கத்திக்கொண்டு கராஜுக்கு ஓடி ரேப்பை உரித்தோம். சில நாட்கள் போக, மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. மறுபடி ரேப்.

“அம்மா, இனி ரேப் வாங்கக் காசில்லை” என்றாள் அபி. சிரித்தோம். சிரித்துவிட்டு நான் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். பிறந்து, ஒரு தேர்தலைக்கூடக் காணாமல் போன வட்டாரம் அது. அதற்காக யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை. நான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

புதிய பெரிய வட்டாரத்துக்கு மறுபடி மனுப் போடவேண்டும். அதற்குத் தந்த அவகாசமும் கொஞ்சம். மாஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டது அப்போதுதான். மண்டபத்துக்கு வாரும் பிள்ளை, பேசித் தீர்ப்பம் என்றார். நானும் போனேன். பெரியவர்கள் கூப்பிட்டால் போகாமல் இருக்க இன்னும் பழகவில்லை.

ஸ்டீல்ஸின் எந்தப் பக்கம்?

இனி மண்டபத்துக்குத் திரும்புவோம்.

“தயாபரன் நிக்கவேணும் எண்டுற ஆக்கள் கையை உயத்துங்கோ” என்றார் மாஸ்டர்.

ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர்களில் கெட்டவர் யாரும் இல்லை. பலர் என் பல் டொக்டரிடம் வருகிறவர்கள். அவருடைய ஊர்ச் சங்கம், அவருடைய பழைய மாணவர் சங்கம், அவர் உபயம் செய்யும் கோயில், அவர் வீடு வாங்கிக் கொடுத்தவர்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். நன்றிக்கு வந்த கைகள்.

“சுகந்திக்கு?”

கடைசி வரிசைக் கொத்து உயர்ந்தது. அதில் திருமதி வொங்கின் கையும் இருந்தது. என்ன கேட்கிறார்கள் என்று அபி அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

மாஸ்டர் என் பக்கம் சாய்ந்தார். “பாத்தீர்தானே பிள்ளை. உமக்கு இன்னும் வயசிருக்கு. அடுத்தமுறை நில்லும், நாங்களே நிப்பாட்டுவம். இந்தமுறை விட்டுக்குடும். உமக்கும் மரியாதை.”

 சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்லிவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள், ரோல்ஸ் வரும், வீட்டுக்குப் போகலாம். தலையைத் திருப்பி, இத்தனை பேரும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்தேன். அப்போதுதான் ஒவ்வொரு முகத்துக்கும் எங்கள் பல் டொக்டரின் கோப்பில் இருக்கும் விலாசம் ஞாபகம் வந்தது. மார்க்கம். மார்க்கம். ஏஜாக்ஸ். மார்க்கம். பெரிய வீடு வாங்கி வடக்கே ஏறிப்போனவர்கள். போதாததற்கு அந்த மண்டபமே ஸ்டீல்ஸின் வடக்குப் பக்கம். ரொறன்ரோவில் யார் நிற்பது என்று தீர்மானிக்க, ரொறன்ரோவுக்கு வெளியே ரிப்பன் கட்டிய கதிரைகளில் கூடியிருந்தோம்.

நான் எழுந்தேன்.

“மாஸ்டர், நானும் ஒருக்கா சபையைக் கேக்கலாமோ?”

“ஓம், கேளும்.”

“புது வட்டாரத்துக்குள்ள குடியிருந்து, அங்க வோட்டும் இருக்கிற ஆக்கள் மட்டும் கையை உயத்துங்கோ.”

“உது என்ன பிள்ளை கேள்வி? எல்லாரும் தமிழர்தானே?”

“தமிழர்தான் மாஸ்டர். ஆனா மார்க்கத்தில இருந்துகொண்டு ரொறன்ரோவில வோட்டுப் போடேலாது.”

சிரிப்பு ஒன்று கிளம்பி, பாதியில் நின்றது. தயாபரன் அண்ணையின் கை உயர்ந்தது, அவர் மனைவியின் கையும். இன்னும் ஆங்காங்கே சில. என் கொத்து அப்படியே உயர்ந்தது. மாஸ்டரின் கை கொஞ்சம் எழும்பி, என்னவோ நினைத்து, மீசையைத் தடவிக்கொண்டு இறங்கியது.

பிறகு எல்லோரும் குசினிப் பக்கம் திரும்பினார்கள். பொரித்த ரோல்ஸ் தட்டுகளோடு வாசலில் நின்ற பெண்களின் கைகள் உயர்ந்திருந்தன. சமையல்காரரிடம் வேலைக்கு வந்தவர்கள். ஒருத்தி தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்தியிருந்தாள். அது ராஜினி. அவள் அங்கே வேலை செய்வது எனக்குத் தெரியாது, சத்தியமாக.

“நீர் எவடம்?” என்று கேட்டார் தயாபரன் அண்ணை.

“பின்ச்சில, பெரிய பில்டிங் அண்ணை. நாங்கள் எல்லாரும் அங்கதான்.”

“வட்டாரம் ஒண்டாகின பிறகும் நான் அங்க வரேல்லை என்ன?”

“இல்லை அண்ணை. அக்காதான் வந்தவ.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். ஆனால் தயாபரன் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தொழிலில் வாடகைக்கு இருப்பவரின் கதவு ஒரு கதவே இல்லை. அந்தக் கட்டடத்தைக் கடந்து எத்தனை தரம் வீடு காட்டப் போயிருப்பார். அதன் முன்னாலிருந்த பஸ் தரிப்பில்கூட அவர் முகம் இருந்தது.

 பிறகு அவர் நிமிர்ந்தார்.

“மாஸ்டர், நான் மனுப் போடேல்லை. சுகந்தி நிக்கட்டும்.”

“சபை உமக்கெல்லோ கையை உயத்தினது?”

“சபைக்கு அங்க வோட்டில்லை மாஸ்டர்.”

இந்த ஒரு வசனத்துக்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். அடுத்த வாரமே தன் அலுவலகக் கண்ணாடியில் என் பலகையைக் கொழுவினார். ரேப் ஒட்டிய பலகை.

எண்ணிய பிறகு

நான் தோற்றேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிய வட்டாரம் பெரியது, வென்ற மற்ற வேட்பாளரை அங்கே எல்லோருக்கும் தெரியும், எனக்கு இருந்த நாட்கள் கொஞ்சம். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாக்குச்சீட்டில் என் பெயரைக் கண்டேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றதில், உதவி வேண்டுமா என்று தேர்தல் அலுவலர் வந்து கேட்டார். வேண்டாம், பெயரைப் பார்க்கிறேன் என்றேன்.

நகரசபை பிறகு வாக்குச்சாவடி வாரியாக முடிவுகளை வெளியிட்டது. அபி அவற்றை எடுத்து, இல்லாமல் போன எங்கள் வட்டாரத்தின் கோடுகளுக்குள் விழும் சாவடிகளை மட்டும் கூட்டிப் பார்த்தாள். அங்கே நான் முதலாவது. சீனத் தெருக்களில் நல்லாக, பின்ச் அடுக்குமாடிகளில் மிக நல்லாக.

“அம்மா, யூ வுட் ஹாவ் வொன்” என்றாள்.

“ஓம்” என்றேன். எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. அந்தத் தெருக்களில் நான் நடந்திருக்கிறேன்.

இரண்டு பேரும் நின்றிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்று மாஸ்டர் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லட்டும். அதைச் சொல்வதற்கு ஸ்டீல்ஸைத் தாண்டித்தான் வருகிறார்.

தோற்ற மறுவாரம் நான் பழையபடி பல் டொக்டரின் மேசையில் இருந்தேன். வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. தொலைபேசி அடித்தது.

“அக்கா, ராஜினி. எங்கட லிப்ட் ரெண்டும் நிண்டுபோச்சு. வயசுபோன, ஏலாத சனம் கீழ இறங்கமுடியாமல் இருக்குதுகள். முகாமையாளரும் போன் எடுக்கிறாரில்லை.”

“ராஜினி, நான் தோத்துப்போனன். தெரியுந்தானே? கவுன்சிலர் இப்ப வேற ஆள். அவற்ற ஒபிஸ் நம்பர் தாறன், எழுதும்.”

“அது தெரியும் அக்கா” என்றாள். “நீங்கள் எத்தினை மணிக்கு வாறியள்?”

மேசைக்குக் கீழே கிடந்த சப்பாத்தைக் காலால் இழுத்துக்கொண்டு, நாலரைக்கு என்றேன்.